எகிப்தியச் சித்திரத் தோல் அல்பங்களும் பெருந்தோட்ட வரலாறும்: மாத்தளையை மையமாகக் கொண்ட ஒரு நோக்கு

எழுத்தாவணங்களையும் கல்வெட்டுக்களையும் செப்பேடுகளையும் வரலாற்றுச் சான்றுகளாகக் கொள்ளும் மரபு நம்மிடையே வேரூன்றிவிட்டது. ஆயின், வீட்டு அலுமாரிகளிலும் தோட்டத்துப் பங்களாக்களிலும் பழம்பொருட் கடைகளிலும் கிடக்கும் புகைப்பட அல்பங்களை அவ்வாறு நோக்கும் வழக்கம் இன்னும் பரவலாகவில்லை. அவற்றைத் தேடிச் சேர்ப்போர் பெரும்பாலும் அட்டையின் அழகிலேயே மனத்தைப் பறிகொடுக்கின்றனர். அவ்வட்டைகளுள் தனிக் கவர்ச்சி உடையவை, பண்டை எகிப்தின் சித்திரங்கள் அழுத்திப் பதிக்கப்பெற்ற தோல் அல்பங்களாகும். கூர்நுனிக் கோபுரம், சிங்க உடலும் மனித முகமும் கொண்ட உருவம், தாமரை, சிறகு விரித்த ஞாயிற்று வட்டம், வண்டு ஆகியன அவற்றிலே திரும்பத் திரும்ப இடம்பெறுகின்றன.

இத்தகைய அல்பம் எவ்வாறு தோன்றியது, எகிப்தின் சித்திரம் அதன் அட்டைக்கு எவ்வாறு வந்தது, அது மலையகம் வந்து சேரக்கூடிய வழிகள் யாவை, அதனுள்ளே காணப்படும் மனிதர் யாவர் என்னும் வினாக்களை எழுப்பி, அவற்றுக்கு இயன்ற அளவில் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மாத்தளை மாவட்டம் இவ்வாய்வுக்கு மையமாகக் கொள்ளப்படுவதற்குக் காரணம் உண்டு. தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிய தொழிலாளர், தம்புள்ள, நாலந்தை வழியாக நூற்றுக்கு மேற்பட்ட மைல் தூரம் கால்நடையாக வந்து மலைநாட்டினுள் நுழைந்த வாயில் மாத்தளையே. கோப்பியும், பின்னர் கொக்கோவும் தேயிலையும் இறப்பரும் பயிரிடப்பெற்ற பெருந்தோட்டங்கள் இம்மாவட்டத்தில் அடுத்தடுத்து உருவாயின. எனவே அல்பத்தை வைத்திருந்தவரும், அல்பத்தினுள் படமாக வைக்கப்பட்டவரும் ஒரே மலைச்சரிவில் வாழ்ந்த நிலம் இது.

அல்பத்தின் தோற்றம்

1839இல் தாகேர் தமது முறையைப் பாரிசில் வெளியிட்டபோது புகைப்படம் என்பது உலோகத் தகட்டில் அமைந்த ஒற்றைப் பொருளாகவே இருந்தது. அதனைப் படியெடுக்க இயலாது. முட்டையின் வெண்கருவைப் பூசிய தாளிற் படம் அச்சிடும் முறை 1850ஆம் ஆண்டளவில் அறிமுகமாயிற்று. ஒரே எதிர்ப்படத்திலிருந்து வேண்டிய அளவு படிகளை எடுக்க அது வழி செய்தது. 1854இல் திஸ்தேரி என்னும் பிரெஞ்சுக்காரர், முகவரிச் சீட்டின் அளவுள்ள சிறு படங்களுக்கு உரிமம் பெற்றார். மலிவாகக் கிடைத்த இச்சிறு படங்களை உறவினரும் நண்பரும் ஒருவருக்கொருவர் வழங்கலாயினர். அவற்றைச் செருகி வைப்பதற்குத் தடித்த தாளில் சாளரம் போல வெட்டப்பெற்ற பக்கங்களையுடைய அல்பம் 1860களில் பெருவழக்காயிற்று. அப்பத்தாண்டின் பிற்பகுதியில் இதனினும் பெரிய அட்டைப்படம் வந்ததும், அல்பத்தின் பக்கங்களும் அதற்கேற்பப் பெருத்தன.

ஐரோப்பியக் குடும்பங்களில் பெரிய விவிலிய நூல் வகித்த இடத்தை இவ்வல்பம் தன் தோற்றத்தாலும் பெற முயன்றது. கனத்த தோலட்டை, பொன்முலாம் பூசிய விளிம்பு, பித்தளைக் கொக்கி என்பன அக்காரணம் பற்றியே அமைந்தன. 1888இல் ஈஸ்ற்மனின் கொடாக் கருவியும், 1900இல் மிகக் குறைந்த விலையில் பிரௌனி கருவியும் வெளிவந்தபின், படம் பிடிப்பது நிலையத்தாரின் தொழில் மட்டுமாக இல்லாது போயிற்று. வெவ்வேறு அளவான சிறு படங்களை ஒட்டுவதற்குச் சாளரப் பக்கங்கள் பயன்படவில்லை. கறுப்பு அல்லது சாம்பல் நிறத் தாளில் மூலைகளைப் பொருத்தி ஒட்டும் அல்பங்கள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. ஆகவே, ஓர் அல்பத்தின் காலத்தை உய்த்துணர விரும்புவோர் முதலில் அட்டையை அன்று, உட்பக்கத்தின் அமைப்பையே நோக்குதல் வேண்டும்.

எகிப்து அட்டைக்கு வந்த வரலாறு

ஐரோப்பாவில் எகிப்து பற்றிய மோகம் படையெடுப்போடு தொடங்கியது என்பது மனங்கொள்ளத்தக்கது. 1798இல் நெப்போலியன் எகிப்தின்மீது படையெடுத்தபோது அறிஞர் குழுவொன்றையும் உடன் அழைத்துச் சென்றார். அக்குழுவினர் வரைந்த சித்திரங்கள் 1809ஆம் ஆண்டு முதலாகப் பெருந்தொகுதிகளாக வெளிவந்தன. 1822இல் சம்போலியோன் எகிப்தியச் சித்திர எழுத்துக்களைப் படிக்கும் வழியைக் கண்டறிந்தார். கட்டடம், தளபாடம், அணிகலன், நூற்கட்டு என எல்லாவற்றிலும் எகிப்தின் உருவங்கள் புகுந்தன. 1869 நவம்பர் 17ஆம் நாள் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டமையும், 1922 நவம்பரில் ஹவார்ட் கார்ட்டர் தூத்தன்காமூன் மன்னனின் கல்லறையைக் கண்டுபிடித்தமையும் அம்மோகத்தைப் புதுப்பித்த இரு நிகழ்ச்சிகளாகும்.

எகிப்தியச் சித்திரம் தாங்கிய தோல் அல்பங்களை இருவகையாகப் பிரித்து நோக்கலாம். முதலாவது வகை ஐரோப்பாவில் நூற்கட்டுத் தொழிலாளரால் ஆக்கப்பெற்றது. சூடேற்றிய பித்தளை அச்சினால் தோலை அழுத்தியும், பொற்றகடு வைத்து அழுத்தியும் செய்யப்பட்ட இவற்றில் தாமரை, நாணற்பூ, சிறகுடைய வட்டம் முதலியன ஒழுங்கான வரிசையில் அமைந்திருக்கும். இரண்டாவது வகை எகிப்திலேயே உல்லாசப் பயணிகளுக்கும் போர்வீரருக்கும் விற்பதற்காக ஆக்கப்பெற்றது. ஒட்டகம், ஈச்சமரம், கூர்நுனிக் கோபுரம் ஆகியன புடைப்பாக எழுப்பப்பட்டு வண்ணம் தீட்டப்பட்டிருக்கும். ஓரம் முழுவதும் தோல் வாரினாற் பின்னப்பட்டிருப்பதும் உண்டு. இவ்வகையிற் காணப்படும் சித்திர எழுத்துக்கள் பல, எழுத்துப் போலத் தோன்றுமேயன்றிப் பொருள் தருவன அல்ல. வாங்குவோருக்கு அவற்றைப் படிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. பழைமையின் சாயல் ஒன்றே அவர்களுக்குப் போதுமானதாயிருந்தது.

ஆயினும், அச்சித்திரங்களுக்கு அவை பிறந்த நாட்டில் ஆழ்ந்த பொருள் இருந்தது. வண்டு, நாள்தோறும் மீண்டும் பிறக்கும் ஞாயிற்றின் குறியாகும். தாமரையும் மறுபிறப்பையே சுட்டிற்று. நீள்வட்டக் கயிற்று வளையம் ஒன்றினுள் மன்னனின் பெயர் எழுதப்படும். பெயரைத் தீமையினின்றும் அழிவினின்றும் காக்கும் அரண் அது. பெயர் நிலைத்திருக்கும்வரை மனிதன் நிலைத்திருப்பான், பெயர் அழிக்கப்படின் அவன் இரண்டாம் முறை இறக்கின்றான் என எகிப்தியர் நம்பினர். வெறுக்கப்பட்ட மன்னரின் பெயர்கள் கல்லிலிருந்து செதுக்கி நீக்கப்பட்டமைக்கும் இந்நம்பிக்கையே காரணமாகும். இக்கருத்தை நாம் பின்னர் மீண்டும் எடுத்துக்கொள்வோம்.

எகிப்துக்கும் மலையகத்துக்கும் இடைப்பட்ட வழிகள்

எகிப்தின் பொருள் ஒன்று மாத்தளை மலைகளை வந்தடைவதற்கு மூன்று வழிகள் இருந்தன எனலாம்.

முதலாவது கப்பல் வழி. 1869ஆம் ஆண்டு இலங்கைக்கு இரு வகையில் திருப்புமுனையாகும். அவ்வாண்டிலேயே கோப்பி இலைநோய் இலங்கைத் தோட்டங்களில் முதன்முதலாக அறியப்பட்டது. அவ்வாண்டிலேயே சுயஸ் கால்வாயும் திறக்கப்பட்டது. கோப்பியின் வீழ்ச்சி தேயிலைக்கு வழிவிட்டது. கால்வாய் அத்தேயிலையை இலண்டனுக்கு விரைவில் கொண்டுசெல்ல வழிவிட்டது. விடுமுறையில் தாயகம் சென்று திரும்பிய தோட்டத் துரைமார் யாவரும் போர்ட் சயித் துறைமுகத்தைக் கடந்தே வந்தனர். கப்பல் நிலக்கரி ஏற்றும் நேரத்தில் பயணிகள் கரையிறங்கிப் படங்களும் தோற்பொருட்களும் வாங்குவது வழக்கமாயிற்று. சங்காக்கி என்னும் கிரேக்கச் சகோதரர் எடுத்த எகிப்தியப் படங்கள் அங்கு ஏராளமாக விற்பனையாயின. கொழும்பில் ஸ்கீன் நிறுவனத்தாரும், கண்டியில் 1870களில் நிலையம் நிறுவிய ஸ்கோவனும், 1890இல் தொடங்கிய பிளாத்தே நிறுவனத்தாரும் இலங்கைப் படங்களை விற்றனர். ஆகவே, அக்காலப் பயண அல்பங்களில் கீசாவின் கோபுரமும் பேராதனைப் பூங்காவின் மூங்கிலும் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்ணும் அடுத்தடுத்த பக்கங்களில் இடம்பெறுவது இயல்பாயிற்று. 1880இல் மாத்தளைக்குப் புகையிரதப் பாதை வந்தபின், இலண்டனில் ஏற்றிய பெட்டி தோட்டத்துக்கு அண்மையிலேயே இறங்கியது.

இரண்டாவது போர் வழி. இலங்கைத் தோட்டத் துரைமாரைக் கொண்டு 1900இல் அமைக்கப்பெற்ற துப்பாக்கிப் படையணி கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது. முதலாம் உலகப் போர் தொடங்கியதும் அப்படையணியின் பிரிவொன்று, ஏறத்தாழ 230 பேருடன், 1914 ஒக்டோபரிற் கொழும்பிலிருந்து புறப்பட்டு எகிப்தை அடைந்தது. சுயஸ் கால்வாயின் பாதுகாப்பில் ஈடுபட்ட அப்பிரிவினர், 1915இல் கலிப்போலிப் போர்முனைக்கும் சென்றனர். கால்வாயின் வழியே தேயிலையை அனுப்பியவர்களே அக்கால்வாயைக் காக்கத் துப்பாக்கி ஏந்தினர் என்பது பொருளாதார நலனுக்கும் படை வலிமைக்கும் உள்ள தொடர்பை ஐயத்துக்கிடமின்றிக் காட்டுகின்றது. தோட்டக் குடும்பங்களின் அல்பங்களில் மணல்வெளிக் கூடாரங்களும் கோபுரத்தின் முன் குதிரைமீது அமர்ந்த இளைஞரும் காணப்படின், இப்பின்னணியை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

மூன்றாவது, மேற்கூறிய இரண்டிலும் முற்றிலும் வேறானது. 1882இல் பிரித்தானியர் எகிப்தைக் கைப்பற்றியபோது, அவர்களை எதிர்த்து நின்ற அராபி பாசாவும் அவருடைய தோழர் அறுவரும் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டனர். 1883 ஜனவரியிற் கொழும்பு வந்த அராபி பாசா, பிற்காலத்திற் கண்டியில் வாழ்ந்து 1901இலேயே தாயகம் திரும்பினார். கண்டியைச் சேர்ந்த சித்திலெப்பை அவருடன் நெருங்கிப் பழகினார். 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ என்னும் தமிழ் வார இதழைத் தொடங்கிய அவரே, 1885இல் ‘அசன்பே சரித்திரம்’ என்னும் நாவலை வெளியிட்டார். இலங்கைத் தமிழ் நாவல்களின் வரிசையில் முதலிடத்தில் வைத்து எண்ணப்படும் அந்நூல் எகிப்தைத் தன் கதைக்களங்களுள் ஒன்றாகக் கொண்டமை தற்செயலானதன்று. ஆகவே, மலைநாட்டுக்கு இரண்டு எகிப்துகள் வந்தன. ஒன்று துரைமாரின் பெட்டியில் வந்த எகிப்து. அது கல்லறைகளும் ஒட்டகங்களும் நிறைந்த, வாழும் மனிதர் அற்ற எகிப்து. மற்றையது, ஆதிக்கத்தை எதிர்த்துத் தோற்ற மக்களின் எகிப்து. தோலட்டையில் இடம்பெற்றது முதலாவது எகிப்து மட்டுமே.

தோலின் கதை

அட்டையில் உள்ள சித்திரம் எகிப்தினுடையது. அட்டையின் தோல் எந்நாட்டினது என்னும் வினாவைச் சேகரிப்போர் எழுப்புவது அரிது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் நூற்கட்டுத் தொழிலுக்குச் சென்னை மாகாணத்திலிருந்து பதனிட்ட ஆட்டுத்தோலும் செம்மறித்தோலும் பெருமளவில் ஏற்றுமதியாயின. திண்டுக்கல், திருச்சிராப்பள்ளி, வட ஆர்க்காட்டு ஊர்கள் ஆகியன தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர்பெற்றவை. ஆவாரம்பட்டை ஊறிய நீரிலே தோலைப் பல நாள் ஊறவைத்துப் பதனிடுதல் அங்கு வழங்கிய முறையாகும். சமூகத்தில் தீண்டத்தகாதவராக ஒதுக்கப்பட்ட மக்களின் கைகளே அத்தொழிலின் கடுமையான பகுதியைச் சுமந்தன. மாத்தளைத் தோட்டங்களுக்குத் தொழிலாளரை அனுப்பிய மாவட்டங்களும், இலண்டன் நூற்கட்டுக்குத் தோலை அனுப்பிய மாவட்டங்களும் பெரிதும் ஒன்றாகவே இருந்தன. எனவே, இங்கிலாந்திற் கட்டப்பெற்ற ஓர் அல்பத்தின் அட்டையிலே தமிழ்நாட்டுத் தொழிலாளியின் உழைப்பும், அதன் பக்கத்திலே அவருடைய ஊரார் ஒருவரின் முகமும் சேர்ந்திருக்க இடமுண்டு.

இத்தோலின் வேதியியலும் அறியத்தக்கது. அக்காலத்துத் தோற்கட்டுக்கள் விரைவிற் சிதைவதைக் கண்டு இலண்டன் கலைச் சங்கம் அமைத்த ஆய்வுக்குழு 1901இல் தன் அறிக்கையை வெளியிட்டது. ஆவாரம்பட்டை போன்ற ஒருவகைத் துவர்ப்புப் பொருளாற் பதனிட்ட தோல் நூற்கட்டுக்கு ஏற்றதன்று என அது கூறிற்று. இவ்வகைத் தோல் காற்றிலுள்ள கந்தகப் புகையையும் ஒட்சிசனையும் ஏற்றுக் காலப்போக்கில் அமிலத்தன்மை அடைகின்றது. பின்னர் செந்நிறத் துகளாக உதிர்கின்றது. கையில் எடுத்தவுடன் விரல்களிற் செம்பொடி ஒட்டுமாயின் இந்நோய் பற்றிவிட்டதென அறியலாம். ஒருமுறை பற்றிய நோயைத் தீர்க்க வழியில்லை. தடுத்து நிறுத்தவே இயலும். எகிப்தில் ஆக்கப்பெற்ற தோலுக்குக் கருவேலங்காய் பயன்பட்டது. நைல் ஆற்றங்கரையில் வளரும் அம்மரம் தமிழ்நாட்டுக் கண்மாய்க் கரைகளில் வளரும் அதே கருவேலமாகும்.

பெயருள்ள படமும் பெயரற்ற படமும்

இனி, அல்பத்தின் உட்பக்கங்களை நோக்குவோம். தோட்டத்து அல்பங்களிற் பொதுவாகக் காணப்படும் படங்களை எளிதில் வகைப்படுத்தலாம். பங்களாவும் அதன் புற்றரையும், துரையின் குடும்பம், குதிரை, வேட்டைநாய், வேட்டையாடிய விலங்கு, தொழிற்சாலைக் கட்டடம், புதிதாக வெட்டிய பாதை, கொழுந்து நிறுக்கும் இடம், தொழிலாளர் கூட்டம் என்பன அவை. படத்தின் கீழ் எழுதப்பெற்ற குறிப்புக்களை ஒப்பிடுக. துரைக்கும் அவர் மனைவிக்கும் பெயர் உண்டு. பிள்ளைகளுக்குச் செல்லப்பெயரும் உண்டு. குதிரைக்கும் நாய்க்கும் பெயர் எழுதப்பட்டிருக்கும். தொழிலாளர் கூட்டத்தின் கீழோ ‘தமிழ்க் கூலிகள்’ என்னும் இரு சொற்களே போதுமானவையாகக் கருதப்பட்டன.

இது தனிப்பட்ட ஒருவரின் அலட்சியம் அன்று. ஒரு முழு நோக்குமுறையின் விளைவு. வணிக நிலையங்கள் விற்ற படங்களில் ‘தமிழ்ப் பெண்’, ‘சிங்களப் பெண்’ என மனிதர் இன மாதிரிகளாகவே காட்டப்பட்டனர். புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் யூலியா மார்கரெற் கமரன் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே இறந்தார். களுத்துறையில் அவர் எடுத்த தொழிலாளர் படங்களில் மனித முகத்தின் கண்ணியம் வெளிப்படுகின்றது என்பதில் ஐயமில்லை. ஆயினும், இங்கிலாந்தில் அவர் எடுத்த கவிஞரும் அறிஞரும் பெயரோடு வாழ்கின்றனர்; களுத்துறையில் அவர் முன் நின்றோருட் பெரும்பாலோர் பெயரின்றியே வாழ்கின்றனர். கலைத்திறன் மட்டும் இவ்விடைவெளியை நிரப்பப் போதுமானதாயில்லை.

தோட்ட நிருவாகத்துக்குத் தொழிலாளரின் பெயர் தெரியாமலிருந்தது எனக் கூறவும் முடியாது. நாள்தோறும் காலையிற் பிரட்டுக் களத்திற் பெயர் கூப்பிடப்பட்டது. செக்ரோல் என்னும் பேரேட்டில் ஒவ்வொருவரின் பெயரும் வேலைநாளும் கடனும் பதியப்பட்டன. கங்காணி தன் ஆட்களின் கடனைத் ‘துண்டு’ என்னும் சீட்டில் எழுதிக் கொண்டே தோட்டம் மாற்றினார்; 1921இலேதான் அம்முறை ஒழிக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வந்திறங்கும் தொழிலாளி எந்தத் தோட்டத்துக்குரியவர் என்பதைக் காட்ட எண் பொறித்த தகரச் சீட்டு வழங்கப்பட்டது. ஆகவே, கணக்குக்கும் கடனுக்கும் பெயர் தேவைப்பட்டது, நினைவுக்குத் தேவைப்படவில்லை. செக்ரோலில் முகம் இல்லை, அல்பத்தில் பெயர் இல்லை. மலையக மக்களின் வரலாறு இவ்விரு ஏடுகளுக்கும் இடையே பிளவுண்டு கிடக்கின்றது எனக் கூறின் மிகையாகாது.

இவ்விடத்தில் அட்டையின் எகிப்தை நினைவுகூர்தல் பொருத்தமானது. மன்னரின் கல்லறைகளைக் குடைந்து சித்திரம் தீட்டிய தொழிலாளர், இன்று டேர் எல்-மதீனா என வழங்கும் ஊரில் வாழ்ந்தனர். அவர்களைப் பற்றிய ஆயிரக்கணக்கான குறிப்புக்கள் உடைந்த ஓடுகளிலும் சுண்ணக்கற் சில்லுகளிலும் கிடைத்துள்ளன. பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு கற்சில்லு, இரண்டாம் இராமசேசின் 40ஆம் ஆட்சியாண்டில், அதாவது இற்றைக்கு ஏறத்தாழ 3,250 ஆண்டுகளுக்கு முன்னர், எழுதப்பெற்ற வரவுப் பதிவேடாகும். நாற்பது தொழிலாளரின் பெயர்களும், அவர்கள் வேலைக்கு வராத நாட்களும், அதற்கான காரணங்களும் அதில் உள்ளன. ஒருவர் நோயுற்றார், ஒருவரைத் தேள் கொட்டிற்று, ஒருவர் விழாவுக்கு மதுவடித்தார். மூன்றாம் இராமசேசின் 29ஆம் ஆட்சியாண்டில், தானியப் படி வழங்கப்படாமையால் இத்தொழிலாளர் வேலையை நிறுத்திக் கோயில் வாயிலில் அமர்ந்தனர். எழுத்திற் பதிவான மிகப் பழைய வேலைநிறுத்தம் அதுவேயாகும்; அதனைக் கூறும் ஏடு இத்தாலியின் தூரின் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் கல்லறையைக் குடைந்த எகிப்தியத் தொழிலாளியின் பெயர் நமக்குத் தெரியும். நூறு ஆண்டுகளுக்கு முன்னர் இறத்தோட்டையிலோ எல்கடுவையிலோ கொழுந்துக் கூடையுடன் நின்று படமான பெண்ணின் பெயர் நமக்குத் தெரியாது. கால இடைவெளி இதற்குக் காரணம் ஆகாது.

லயத்து அறையின் படங்கள்

துரையின் அல்பம் ஒருபுறம் இருக்க, தொழிலாளர் தாமே விரும்பி எடுத்துக்கொண்ட படங்களின் வரலாறு இன்னும் எழுதப்படவில்லை. பெரிய கங்காணிமார் சிலர் கோட்டும் தலைப்பாகையும் கைப்பிரம்புமாகப் படம் எடுத்துக்கொண்டனர். திருமணத்துக்கும் தேர்த் திருவிழாவுக்கும் பட்டணம் வந்த குடும்பத்தினர் நிலையத்தின் வர்ணத் திரைக்கு முன் நின்று படமெடுத்துக்கொள்ளும் வழக்கம் பின்னாளிற் பரவிற்று. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிற் பஞ்சரத பவனி இத்தகைய பயணங்களுக்குரிய பெருநாளாக விளங்கியது.

ஆனால், அரசியல் இப்படங்களுக்கு வேறொரு பொருளைக் கொடுத்தது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழர் மிகப் பெரும்பான்மையினரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டது. எஞ்சியோர் பற்றி 1974இல் உடன்பாடு ஏற்பட்டது. இந்தியா செல்வோருக்குக் கடவுச்சீட்டு வேண்டும். கடவுச்சீட்டுக்குப் படம் வேண்டும். முகத்துக்கும் பெயருக்கும் இருந்த பிளவு இவ்வாறே நீங்கிற்று. முகமும் பெயரும் ஒரே தாளில் முதன்முறை சேர்ந்தபோது, அத்தாள் பலருக்குப் பிரிவின் தாளாக அமைந்தது என்பது வரலாற்றின் கொடுமையாகும். தாயும் மகளும் வெவ்வேறு நாட்டவராயினர். தலைமன்னாரிலிருந்து கப்பலேறியோர் உடன் கொண்டுசென்ற பெட்டிகளிலும், இங்கே எஞ்சியோரின் லயத்துச் சுவர்களிலும் ஒரே படத்தின் இரு படிகள் பிரிந்து வாழ்ந்தன. 2003ஆம் ஆண்டின் சட்டம் நாடற்ற நிலையைப் பெருமளவில் முடிவுக்குக் கொண்டுவந்தது. எனினும் இழந்த ஆவணங்களை அது மீட்டுத்தர இயலாது.

1983 யூலை வன்செயலில் மாத்தளையில் தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிந்தன; முத்துமாரியம்மன் கோயிலும் தீக்கிரையாயிற்று. எரிந்த வீட்டோடு அவ்வீட்டின் படங்களும் அழிகின்றன. எனவே, பாதுகாப்பான பங்களாவில் இருந்த துரையின் அல்பம் இலண்டன் சென்று நூலகத்தில் இடம்பெறுவதும், தொழிலாளியின் படம் தீயிலும் மழையிலும் கறையானிலும் அழிவதும் வர்க்க ஏற்றத்தாழ்வின் தொடர்ச்சியே அன்றித் தற்செயல் அன்று. இன்று நமக்குக் கிடைக்கும் படங்களின் விகிதத்தைக் கொண்டு அன்றைய வாழ்வை மதிப்பிடும் ஆய்வாளர் இவ்வுண்மையை மறத்தல் கூடாது.

சேகரிப்போரின் கடமை

பழம்பொருள் வணிகத்தில் அல்பம் பெரும்பாலும் முழுதாக நிலைப்பதில்லை. எகிப்தியச் சித்திரமுள்ள அட்டை ஒருவருக்கும், அதனுள் இருந்த படங்கள் தனித்தனியே வேறு பலருக்கும் விற்கப்படுகின்றன. பிரித்து விற்பதில் இலாபம் கூடுதலாகும். ஆனால், அல்பம் என்பது படங்களின் குவியல் அன்று. அது ஒரு வாக்கியம் போன்றது. எப்படத்தின் அருகே எப்படம் வைக்கப்பட்டது, எதற்குப் பெயர் எழுதப்பட்டது, எது கிழிக்கப்பட்டது என்பனவே அதன் பொருளைத் தருகின்றன. சொற்களைப் பிரித்து விற்றபின் வாக்கியத்தைப் படிக்க முடியாது.

ஆகவே, அல்பம் ஒன்று கைக்கு வந்தவுடன் அட்டை முதல் அட்டை வரை ஒவ்வொரு பக்கத்தையும் வரிசை மாறாமற் படியெடுத்தல் முதற் கடமையாகும். எவரிடமிருந்து, எவ்வூரில், எவ்வாண்டிற் பெறப்பட்டது என்பதைத் தனித்தாளில் எழுதி உடன்வைத்தல் வேண்டும். படத்தின் பின்புறத்தில் எழுத நேரின் மென்மையான பென்சிலால் ஓரத்தில் மட்டும் எழுதுக. ஒட்டிய படத்தைப் பிய்த்தல் ஆகாது. வெண்கருப் பூச்சுத் தாள் மெல்லியது, பிரித்தவுடன் சுருளும். செம்பொடியாக உதிரும் தோலுக்கு எண்ணெய் பூசும் வழக்கம் நன்மை செய்வதன்று. அமிலமற்ற தாளிற் சுற்றி, அளவான பெட்டியில் கிடையாக வைத்தலே தக்கது. ஒட்டும் பசை பூசிய பக்கங்களும் மெல்லிய பிளாஸ்திக் உறையும் கொண்ட பிற்கால அல்பங்களுக்குப் பழைய படங்களை மாற்றுதல் அவற்றை விரைவில் அழிக்கும்.

மலைநாட்டின் ஈரக்காற்றிற் பூஞ்சணமும் இராமபாணப் பூச்சியும் நிலையான பகைகளாகும். மாத்தளையை அடுத்த அலுவிகாரையிலேயே கி.மு. முதலாம் நூற்றாண்டிற் பௌத்தத் திருமுறை ஏட்டில் எழுதப்பட்டதென்பது மரபு. ஓலைச்சுவடிகளை எண்ணெய் பூசியும், துணியிற் சுற்றியும், காலந்தோறும் படியெடுத்தும் காத்த நீண்ட அனுபவம் இம்மண்ணுக்கு உண்டு. படியெடுத்தலே பாதுகாப்பு என்னும் அப்பழைய அறிவு புகைப்படத்துக்கும் பொருந்தும். 2005 முதல் இயங்கும் நூலகம் நிறுவனம் தமிழ் ஆவணங்களை எண்மமாக்கிப் பொதுவில் வைத்துவருகின்றது. கம்பளைப் பகுதியில் 2007இல் தொடங்கப்பெற்ற தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் லயத்து வாழ்வின் பொருட்களைத் திரட்டி வைத்துள்ளது. தனிச் சேகரிப்பாளரின் அல்பம் அவரிடமே இருப்பினும், அதன் படி இத்தகைய பொது இடங்களுக்குச் செல்லலாம்.

இவை எல்லாவற்றினும் முக்கியமானது, படங்களை அவை எடுக்கப்பட்ட தோட்டத்துக்கே மீண்டும் கொண்டுசெல்லுதல். மலையின் வடிவும் தொழிற்சாலையின் கூரையும் கோயில் மரமும் இடத்தை அடையாளங் காட்டும். மூக்குத்தியும் தண்டட்டியும் சேலைக் கட்டும் தலைமுறையை அடையாளங் காட்டும். முதியோர் சிலருக்கேனும் தம் பாட்டனாரின் முகம் நினைவில் இருக்கும். அல்லது அவர்தம் பெயரேனும் வாய்மொழியாக வந்திருக்கும். நூறாண்டுக்கு முற்பட்ட படங்களில் எல்லா முகங்களுக்கும் பெயர் கிடைத்தல் அரிது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிப் படங்களிலோ இன்றும் அது இயலும். இன்னும் இருபது ஆண்டுகள் கடந்தபின் இயலாது. ஆகவே, பல்கலைக்கழக மாணவர் தம் விடுமுறைக் காலங்களில் இப்பணியை மேற்கொள்வராயின், செக்ரோலின் பெயரையும் அல்பத்தின் முகத்தையும் இணைக்கும் முதல் ஆய்வு அவர்களுடையதாகும்.

முடிவுரை

2023ஆம் ஆண்டு, மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்த 200ஆம் ஆண்டு நிறைவையொட்டி, யூலை 28ஆம் நாள் தலைமன்னாரிற் புறப்பட்ட நடைபவனி, முன்னோர் நடந்த பாதையைப் பின்பற்றி ஓகஸ்ட் 12ஆம் நாள் மாத்தளையை அடைந்தது. வழியில் மாண்டோரின் எண்ணிக்கையைப் பற்றி அறிஞர் வாதிடுவர். அவர்களின் பெயர்களைப் பற்றி வாதிட எவருமிலர், ஏனெனில் அவை எங்கும் எழுதப்படவில்லை. அவர்களுக்குப் பின் வந்தோரின் முகங்கள் சில, எகிப்தியச் சித்திரம் பொறித்த தோலட்டைகளுக்கு இடையே, அவற்றைக் காக்கும் நோக்கம் சிறிதுமின்றிக் காக்கப்பட்டுள்ளன.

தோல் அல்பம் சேர்ப்போர் அதன் அட்டையின் அழகைப் போற்றுவதிற் குறையொன்றுமில்லை. ஆனால், அவ்வட்டையில் உள்ள நீள்வட்ட வளையம் பெயரைக் காப்பதற்காகத் தோன்றியது என்பதை அறிந்தவர், உள்ளே பெயரின்றி நிற்பவரைக் கடந்து செல்லுதல் அரிது. விலை மதிப்பை அறிய அட்டையைப் பார்த்தாற் போதும். வரலாற்று மதிப்பை அறிய வேண்டுமாயின் பக்கங்களைத் திறந்து, இவர் யார் என்று கேட்டல் வேண்டும். கேட்கவேண்டிய இடம் ஏலக் கூடம் அன்று, லயத்து வாசலே.